சிஸ்டருக்குக் கொடுக்கக் கூடாதவை

உட்காருங்கள் சார். ஆட்டோ நிற்கட்டும், ஒன்றும் ஓடிவிடாது. ஆமையை வாங்கிக்கொண்டு போக வந்தவர், அதற்கு எதை எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எப்படி? என் மகள் அனிலா போனில் எல்லாம் சொல்லியிருப்பாள். அவள் புனேயில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவள். இங்கே பாளையங்கோட்டையில் ஏழு வருஷமாக இந்த டப்புக்குத் தண்ணீர் மாற்றினவள் நான்.

தெரியும் சார், நீங்கள் காலேஜ் விலங்கியல் லேபில் முப்பது வருஷம் இருந்தவர். உங்கள் வீட்டு சிமெண்ட் தொட்டியில் ஏற்கெனவே பதினோரு ஆமை இருக்கிறது, எல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டது. அனிலா சொன்னாள். இருக்கட்டும். பதினோரு ஆமையைப் பற்றித் தெரிந்திருக்கலாம். இந்த ஆமையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

முதலில் இதன் பெயர். அனிலா வைத்தது டோனட். பன்னிரண்டாம் வகுப்பில் சென்னைக்கு எக்ஸ்கர்ஷன் போனாள். மற்றப் பிள்ளைகள் வளையலும் கீ செயினும் வாங்கி வந்தார்கள், இவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் இதை வாங்கி வந்தாள். வந்த அன்றைக்கே டோனட் என்று பெயர். தின்பண்டத்தின் பெயரையா ஒரு உயிருக்கு வைப்பது? நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் எடுத்த சிஸ்டர் யூலாலியா அச்சு அசலாக இப்படித்தான் இருப்பார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து சுருங்கிய கழுத்தை மெதுவாக நீட்டி, ஒரு பக்கமாகப் பார்ப்பார்கள். நம் தையலைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். போன மாதம் டாக்டர் பார்த்துவிட்டு இது ஆண் என்றார். முன்கால் நகம் நீளமாக இருக்கிறதாம். இருந்தால் இருக்கட்டும். ஏழு வருஷம் கழித்து யாராவது பெயரை மாற்றுவார்களா?

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அதைப் பாருங்கள். அனிலா வாட்ஸ்அப்பில் அனுப்பினதைப் பார்த்து நான் கைப்பட எழுதினது. இடது பக்கம் கொடுக்கலாம், வலது பக்கம் கூடாது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. கையெழுத்தைப் பார்த்தீர்களா, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் நடந்தது எல்லாம் அதில் இல்லை. டாக்டரிடமும் நான் எல்லாம் சொல்லவில்லை. அதனால்தான் உட்காரச் சொன்னேன்.

காபி போடவா? வேண்டாமா? சரி.

பாலில் ஆரம்பிக்கிறேன். பால், தயிர், மோர், வெண்ணெய் எதுவும் ஆகாது. பால் செரிக்கிற வயிறே அதற்குக் கிடையாதாம். இங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை டப்பில் அரை டம்ளர் பாலை ஊற்றிவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். இது என்ன, பாம்புப் புற்றா என்று கேட்டேன். "பெருமாள் அவதாரம்லாம்மா இது" என்றாள். பெருமாள் வந்து தண்ணீர் மாற்றுவாரா என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை சார். வேறு என்றால், அவள் பாத்திரம் தேய்க்கிற லட்சணம், மாதத்தில் போடுகிற லீவு, வாசலைப் பெருக்குகிறேன் என்று குப்பையை எதிர் ஃபிளாட் பக்கம் தள்ளிவிடுவது, இவ்வளவுதான். வாயைத் திறந்தால் எல்லாம் சேர்ந்துதானே வரும். அடுத்த வாரம் அவள் வரவில்லை. மகளுக்குப் பிரசவம் என்று சொல்லி அனுப்பினாள். இப்போது அதே எதிர் ஃபிளாட்டில் வேலை செய்கிறாள். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். பிரசவம் நல்லபடியாக ஆகியிருக்கும்.

அடுத்தது உப்பு. மிக்சர், சிப்ஸ், ஊறுகாய், கருவாடு. ஒரு ஆமைக்கு யார் காராசேவு கொடுப்பார்கள் என்று நினைப்பீர்கள். என் வீட்டுக்காரர் கொடுத்தார். ஜெரோம். தூத்துக்குடியில் கப்பலில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் இருக்கிறார். காலையில் ஏழு மணிக்கு பஸ் ஏறினால் திரும்பி வர ஒன்பது. இருக்கிற ஒரே நாள் ஞாயிறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஜெபமாலை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், டப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தனக்கு ஒரு வாய், அதற்கு ஒரு காராசேவு. தனக்கு ஒரு வாய், அதற்கு ஒன்று. என்னவோ பேசிக்கொண்டு வேறு. விட்டேனா? படித்த மனுஷன் செய்கிற வேலையா, கதவில் எழுதி ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, உங்கள் அம்மா உங்களுக்குக் கண்டதைக் கொடுத்து வளர்த்தால் எல்லா உயிரும் அப்படியே வளருமா என்று கேட்டேன். மாமியாரை இழுத்திருக்க வேண்டாம்தான். இறந்து பதினாறு வருஷம் ஆகிறது.

அன்றைக்குப் பிறகு அவர் டப் பக்கம் வருவதில்லை. ராத்திரி வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு முன் அறைக்கு, டிவி முன்னால் போய்விடுவார். ஒருவகையில் நல்லதுதான், மேஜையில் சோறு சிந்தாது.

மத்தியானம் ஒரு மணிக்குப் போன் மட்டும் வரும். "சாப்டியா" என்பார். ஆச்சு என்பேன். சரி என்பார். அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், பேசுவதற்கு வேறு ஒரு விஷயம் கிடைக்காதா ஒரு மனுஷனுக்கு? சில நாள் நான் எடுப்பதே இல்லை. சாப்பிடுகிற நேரத்தில் யார் எழுந்து போவது?

வெங்காயம், பூண்டு கூடாது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட வேண்டும். சாக்லேட் விஷம். பட்டர் ஃப்ரூட் என்று பச்சையாக ஒன்று விற்கிறானே, அதுவும் விஷம்தான் என்று எழுதியிருந்தது. அதைக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அனிலாதான் பிரெட்டில் தடவித் தின்றாள். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு ஆப்பம் சுட்டு, கறிக்குழம்பு வைத்துக் காத்திருந்தால், மேடம் டயட்டாம். பிரெட்டில் பச்சையாக எதையோ தடவிக்கொண்டு நிற்கிறாள். தலைமுடியை வேறு தோள்வரை வெட்டியிருந்தாள். கண்ணாடியில் பார்த்தாயா, ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறது என்றேன். இதைச் சொல்ல ஒரு தாய்க்கு உரிமை இல்லையா? நான்கு நாள் லீவு என்று வந்தவள் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டாள். ஆபீஸில் அவசர வேலையாம். கிறிஸ்துமஸுக்கு என்ன ஆபீஸ்? இந்தக் காலத்துக் கம்பெனிகள் பிள்ளைகளைப் பிழிந்து எடுக்கின்றன.

அவள் போன பிறகுதான் டப்பை உள்ளே கொண்டுவந்தேன்.

அதுவரை பால்கனியில்தான் இருந்தது. கிழக்குப் பார்த்த பால்கனி, பதினொரு மணிவரை வெயில் விழும். நடுவில் ஒரு செங்கல் போட்டிருந்தேன். அதன்மேல் ஏறி நான்கு காலையும் பின்னால் நீட்டிக்கொண்டு, கழுத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்த வெயில்தான் அதற்கு மருந்தாம். வெயில் படாவிட்டால் தின்கிற சத்து எதுவும் ஓட்டில் போய்ச் சேராதாம். இதெல்லாம் டாக்டர் பிறகு சொன்னது. ஏன் உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று அவர் கேட்டபோது காக்கா தொல்லை என்றேன். காக்கா வந்தது உண்மை. ஒரு நாள் வந்தது.

சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிர்ப்பக்கம் இடம் சும்மாதானே கிடந்தது, ஜெரோம் தட்டு வைக்கிற இடம். அங்கே வைத்தேன். பெரிய டப், ஆனால் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் அந்தத் தாளில் இல்லாதது. கவனமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது என்ன தின்றது என்று தெரியாமல் நீங்கள் வைத்தியம் பார்க்க முடியாது.

நாங்கள் கத்தோலிக்கர்கள் சார். ஈஸ்டருக்கு முன்னால் எங்களுக்குத் தவக்காலம், சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாள். எங்கள் அம்மா வீட்டில் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை அடுப்பில் ஏறாது. நானும் அப்படியே வந்தவள். ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும் தவக்காலம் அனுசரித்தால் அது என்ன தவக்காலம்? ஜெரோம் வீட்டில் வாயைத் திறக்காமல் சாம்பார் சாதம் தின்பார், மத்தியானம் ஹார்பர் கேன்டீனில் என்ன தின்றார் என்று எனக்குத் தெரியாதா? சட்டையைத் துவைக்கப் போட்டால் மீன் வாசம். கேட்டால், துறைமுகத்தில் மீன் வாசம் வராமல் மல்லிகை வாசமா வரும் என்கிறார். அனிலாவிடம் போனில் கேட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் சிக்கன் சாப்பிடுவதில்லை என்றாள். மற்ற நாள்? மற்ற நாள் புரோட்டீன் வேண்டுமாம். ஆக, மூன்று பேர் வீட்டில் நான் ஒருத்தி.

சிஸ்டருக்கு வாரத்தில் மூன்று நாள் நெத்திலி கொடுப்பேன், மற்ற நாள் டப்பாவில் வருகிற தீனி, கொஞ்சம் செம்பருத்தி இலை, பூசணி. எல்லாம் இடது பக்கத்தில் இருப்பது. சாம்பல் புதன் அன்றைக்கு நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வந்து, எனக்கு ரசமும் கீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அது கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஃபிரிட்ஜில் நெத்திலி இருக்கிறது. எனக்கு எழுந்து போய் எடுக்க மனம் வரவில்லை. ஒரே மேஜையில் ஒருத்தருக்கு ஒருசந்தி, இன்னொருத்தருக்கு விருந்தா? தீனி டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மீன் தூள் கலந்தது என்று எழுதியிருந்தது. மேலே தூக்கி வைத்துவிட்டேன். என் தட்டிலிருந்த கீரையில் கொஞ்சம் எடுத்து, உப்பைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சார், அலசாமல் இல்லை, அதற்குப் போட்டேன்.

தின்றது. ஆசையாகத் தின்றது.

பாலக் கீரை. அது வலது பக்கம் மூன்றாவது வரியில் இருக்கிறது, நானே எழுதினது. அதிலிருக்கிற ஏதோ ஒரு அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், எலும்புக்கும் ஓட்டுக்கும் போகவிடாதாம். எழுதும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. கீரை எப்படி சார் கூடாததாகும்? அனிலாவை வளர்த்ததே கீரையில்தான். அதோடு இன்னொன்று. மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கினால் மூன்று பேருக்குக் காணும். அரைக்கட்டு கேட்டால் அந்தக் கீரைக்காரி என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். ஒருத்திக்கு ஒரு கட்டு வாங்கினால் மீதியை என்ன செய்வது? தூரப் போடுவதா? நாற்பது நாளில் முப்பது நாளாவது கீரைதான். எனக்குப் பாதி, அதற்குப் பாதி.

வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் சிலுவைப் பாதை வழிபாடு முடிந்து வர ஏழு மணி ஆகும். அன்றைக்கு எனக்கு பிரெட்டும் பாலும்தான். அதற்கும் அதுதான். பேச்சியம்மாளைச் சொன்னேனே என்று பார்க்காதீர்கள். அவள் ஊற்றினது பச்சைப் பால், நான் காய்ச்சி ஆறவைத்து, பிரெட்டின் ஓரத்தைக் கிள்ளிவிட்டு நனைத்துக் கொடுத்தேன். வெயில் ஏறின பிறகு தயிர் சாதம். குளிர்ச்சிதானே என்று.

நான் ஒரு வாய் எடுத்தால் அது ஒரு வாய் எடுக்கும். நான் தண்ணீர் குடித்தால் அது தலையை உள்ளே முக்கி எடுக்கும். கோவிலில் இன்றைக்கு யார் யார் வந்தார்கள், ஃபாதர் பிரசங்கத்தை எவ்வளவு நேரம் இழுத்தார், பாடகர் குழுவில் அந்த மெர்சி எந்த இடத்தில் சுருதி தப்பினாள், எல்லாம் சொல்வேன். ஒரு தடவை கூட எழுந்து டிவி பார்க்கப் போனதில்லை. போன் அடித்தால் அதுவும் திரும்பிப் பார்க்கும், நானும் பார்ப்பேன், இரண்டு பேரும் பேசாமல் இருப்போம், அது அடித்து ஓயும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வாரத்தில் அது தின்பது குறைந்தது. முதலில் பிரெட்டை விட்டது. பிறகு கீரையை வாயில் எடுத்துக் கீழே விட்டது. கண்ணை மூடியே இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெரிய வெள்ளி அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிடமாட்டேன், மூன்று மணி வழிபாடு முடிந்து கோவிலில் ஊற்றுகிற கஞ்சி மட்டும்தான். அன்றைக்கு அது வாயே திறக்கவில்லை. செங்கல்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. கோவில் கஞ்சியை ஒரு கரண்டி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அதையும் தொடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். வீட்டில் இரண்டு மனுஷர்களுக்கு இல்லாத பக்தி இந்த ஆமைக்கு இருக்கிறதே என்று. பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையில் துக்க தேவரகசியம் ஐந்தும் சொன்னேன். அசையாமல் கேட்டது.

கான்வென்ட்டில் படித்தவள் நான். சயின்ஸில் எண்பத்தி நான்கு மார்க் வாங்கினவள். நோயாளி சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து உபவாசம் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் அன்றைக்கு மூன்று பேருக்கு மட்டன் பிரியாணி செய்தேன். அனிலா வரவில்லை. ஜெரோமுக்கு அன்றைக்குத்தான் கப்பல் வரவேண்டும், விடியற்காலைப் பூசைக்கு வந்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார். தவக்காலம் முடிந்துவிட்டது சிஸ்டர், இனி தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லி, வேகவைத்த கறியில் மசாலா படாத துண்டாகப் பொறுக்கி முன்னால் போட்டேன். அசையவில்லை. கண் இமை இரண்டும் பட்டாணி மாதிரி வீங்கியிருந்தது. கையில் தூக்கினேன். ஓட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல் பட்ட இடம் உள்ளே போயிற்று. மழையில் நனைந்த அட்டைப் பெட்டி இருக்குமே, அப்படி. விரலை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

அந்த இடம்தான் அது. தொட்டுப் பாருங்கள். மெதுவாக.

மறுநாள் டாக்டரிடம் ஓடினேன். அவர் ஆடு, மாடு, நாய் பார்க்கிறவர். பரவாயில்லை, பொறுமையாகப் பார்த்தார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஃபிரிட்ஜ் கதவின் இடது பக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். நெத்திலி, செம்பருத்தி இலை, பூசணி, கேரட், தீனி. எங்கள் கான்வென்ட்டில் மனப்பாடம் நன்றாகச் செய்யவைப்பார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இவ்வளவு நல்ல சாப்பாடு குடுத்தும் ஏம்மா இப்படி ஆச்சு?" என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை டாக்டர் என்றேன். பொய் சொல்வதற்கென்று போகவில்லை சார். அந்தக் கம்பவுண்டர் நிற்கிறான், நாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் ஆமைக்குத் தவக்காலம் அனுசரித்தேன் என்று எப்படிச் சொல்வது?

அவர் என் பேச்சை நம்பி ஏதோ பிறவிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஊசி போட்டார். இரண்டு வாரம். குணமில்லை. எப்படிக் குணமாகும்? மற்றதெல்லாம் தொடமாட்டேன் என்றது, பால் நனைத்த பிரெட் மட்டும் ஒரு துணுக்கு எடுத்தது. ஒன்றும் தின்னாமல் கிடப்பதற்கு இதாவது தின்னட்டும் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரமும் கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் ஜெரோம் ஒருநாள் ஹார்பரிலிருந்து கணவாய் மீன் ஓடு ஒன்று கொண்டுவந்தார். டப்பில் மிதக்கவிட்டால் கடித்துக் கடித்துச் சுண்ணாம்புச் சத்து ஏறுமாம். பேப்பரில் சுற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார். அது எதற்கு என்று மறுநாள் நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கையில் கொடுத்து இரண்டு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? வாசம் வேறு தாங்கவில்லை. சமையலறை ஷெல்ஃபில்தான் கிடக்கிறது. தருகிறேன், கொண்டுபோங்கள்.

அனிலா கண்டுபிடித்தது வீடியோ காலில். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அவள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்க்கிறாள். டப் ஏன் மேஜைமேல் இருக்கிறது, தண்ணீரில் மிதப்பது என்ன என்று கேட்டாள். போனை எடுத்து டப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனேன். கீரை ஒரு துண்டு, பிரெட் ஊறிப்போய்க் கொஞ்சம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவள் மெதுவாகக் கேட்டாள். "எவ்வளவு நாளாம்மா?" நான் போனை என் பக்கம் திருப்பினேன். "அம்மா, நீ அதைக் கொன்னுட்டிருக்க." அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து உங்கள் நம்பர் வந்தது. அருமைநாயகம் சார் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு வருஷம் வளர்த்தவளிடம் கேட்க வேண்டாமா?

இதோ, ஹார்ன் அடிக்கிறான். அடிக்கட்டும்.

என்ன? இன்னொரு தரம் சொல்லுங்கள்.

இங்கேயே இருக்கட்டும் என்கிறீர்களா?

ஓடு திரும்ப இறுகும், மூன்று நான்கு மாதம் வெயிலும் சரியான தீனியும் இருந்தால் போதும். சரி. வாரம் ஒரு முறை நீங்கள் வந்து பார்க்கிறீர்கள். சரி. அனிலாவிடம் நீங்களே பேசுகிறீர்கள். பால்கனியில் வைக்க வேண்டும், நிழலுக்கு ஒரு பலகை. இடது பக்கத்திலிருப்பது மட்டும். மேஜைக்கு வரக் கூடாது.

மேஜைக்கு வரவே கூடாதா?

என்னால் முடியும் என்கிறீர்களா சார்?

முடியும் என்று சொல்வது சுலபம். காலையில் பால்கனியில் வைப்பேன். செம்பருத்தி இலை பறித்துப் போடுவேன். கணவாய் ஓட்டைப் போடுவேன், வாசத்தைப் பொறுத்துக்கொள்வேன். ஜெரோம் போய்விடுவார். பெருக்கி, துடைத்து, துணி காயப்போட்டு, பன்னிரண்டரைக்குச் சோறு வடிப்பேன். ஒரு மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன். பால்கனிக் கதவு மூடியிருக்கும். முதல் நாள் மூடியிருக்கும். இரண்டாம் நாள் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். ஐந்தாம் நாள் டப் இங்கே வந்துவிடும். வந்த பிறகு எதிரே ஒரு உயிர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வாய் கொடுக்காமல் என்னால் தின்ன முடியாது. நீங்கள் வாரம் ஒரு முறை வருவீர்கள், உங்களிடமும் இடது பக்கத்தை ஒப்பிப்பேன். எனக்கு என்னைத் தெரியும் சார்.

வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடையை இப்படிக் கொண்டுவாருங்கள். ஈரச் சாக்கு போட்டிருக்கிறீர்களா? நான் எடுக்கிறேன், நீங்கள் எடுக்க வேண்டாம். இரண்டு கையாலும் அடியில் தாங்க வேண்டும், ஓரத்தைப் பிடிக்கக் கூடாது. இப்படி. இதோ, கண்ணைத் திறக்கிறது பாருங்கள். கொஞ்சம்தான் திறக்கும். வெளிச்சம் கூசுகிறது.

போய் வா சிஸ்டர். அங்கே பதினோரு பேர் இருக்கிறார்கள். சண்டை போடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் சார். உங்கள் வீட்டில் இதற்குத் தீனி போட்டால், அது தின்று முடிக்கிறவரை பக்கத்தில் யார் இருப்பீர்கள்?

யாரும் இருக்க மாட்டீர்களா? போட்டுவிட்டுப் போய்விட வேண்டுமா?

ஆள் நின்றால் கூச்சப்படுமா? தனியாக விட்டால்தான் ஆமை நன்றாகத் தின்னுமா?

இல்லை சார். நீங்கள் விலங்கியல் படித்திருக்கலாம். இது இங்கே அப்படி இல்லை. நான் உட்கார்ந்தால்தான் தின்றது. கை கழுவ எழுந்தால் நிறுத்திவிடும். நாற்பது நாளும் பார்த்தவள் சொல்கிறேன். உங்கள் பதினோரு ஆமை எப்படியோ, இதற்குப் பழக்கம் வேறு. முதல் ஒரு வாரமாவது மத்தியானம் ஒரு மணிக்கு யாராவது எதிரே உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். சும்மா ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.